செஸ் படிக்க எந்தப் புத்தகம்?

செஸ் புத்தகங்கள் நான்கு வகை: ஓப்பனிங், டாக்டிக்ஸ், நடு ஆட்டத் திட்டம், எண்ட்கேம். எதை முதலில் எடுப்பது என்பது கோலார் தங்கவயல் மாணவருக்குச் சற்றுக் கூடுதலாகவே முக்கியம். பயிற்சியாளர்கள் நிறைந்த பெங்களூரு சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. 2001-இல் சுரங்கம் மூடியதிலிருந்து பிழைப்புக்காக மாரிக்குப்பம் ரயிலேறி அங்கே அன்றாடம் போய்வருபவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்புவது எளிதல்ல. அத்தகைய வீட்டில் புத்தகமே முதல் வாத்தியார்.

டாக்டிக்ஸ் எல்லோருக்கும் வேண்டும், இதில் விவாதமில்லை. தினம் பத்துப் புதிர், காயைத் தொடாமல் மனதுக்குள்ளேயே போட்டுப் பார்த்தால் போதும். நடு ஆட்டத்துக்கு நிம்சோவிச் 1925-இல் வெளியிட்ட ‘மை சிஸ்டம்’ இன்றும் படிக்கப்படுகிறது. ஆனால் அது இரண்டாம் ஆண்டுக்கு உரியது.

கடையில் முதலில் கை போவது ஓப்பனிங் புத்தகத்தின் மேல்தான். 2024 டிசம்பரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றபின் இந்த மோகம் கூடியிருக்கிறது. பிள்ளைக்குச் சீக்கிரம் ரேட்டிங் வரவேண்டும் என்ற பெற்றோரின் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. ஓப்பனிங் கலைக்களஞ்சியம் ஐந்து தொகுதி, 500 பிரிவு. மனப்பாடம் செய்யத் தொடங்கினால் முடிவே இல்லை. கறுப்புக் காய்களுக்காக சிசிலியன் நைடார்ஃபைப் பதினைந்து நகர்வு வரை ஒப்பிக்கும் மாணவரின் எதிரே, வெள்ளை இரண்டாம் நகர்விலேயே பிஷப்பை சி4-இல் வைத்துவிட்டால் படித்ததெல்லாம் அங்கேயே முடிந்தது. அப்புறம் சொந்த மூளைதான். அதற்கோ பயிற்சி கொடுத்திருக்கவில்லை. தோற்றதும் வேறொரு ஓப்பனிங் புத்தகம் வாங்கப்படுகிறது. ஆண்டு கழிந்தாலும் ஆட்டம் ஏறுவதில்லை. தொடக்க நிலையில் மையத்தைப் பிடிப்பது, காய்களை வெளியே கொண்டுவருவது, ராஜாவைக் கோட்டைக்குள் வைப்பது ஆகிய மூன்றும் போதும்.

எண்ட்கேம் புத்தகத்தைச் சலிப்பு என்று ஒதுக்குபவர்களே அதிகம். காயின் பலம் கண்ணுக்குத் தெரிவதோ அங்கேதான். வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4. கறுப்பு ராஜா இ7. பலகையில் வேறெதுவும் இல்லை. வெள்ளையின் முறையானால் டிரா. கறுப்பின் முறையானால் வெள்ளைக்கு வெற்றி. மூன்றே காய்களில் ஒரு நகர்வின் விலை தெரிந்துவிடுகிறது. குகேஷ் பட்டம் வென்ற 14-ஆவது ஆட்டமும் இப்படித்தான் முடிந்தது. டிரா ஆகவேண்டிய நிலையில் எதிராளி டிங் லிரென் 55-ஆவது நகர்வில் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனார். குகேஷ் யானையையும் பிஷப்பையும் மாற்றிக்கொண்டார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே. கபாபிளாங்காவின் ‘செஸ் ஃபண்டமெண்டல்ஸ்’ (1921) எளிய மேட்களிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறது. தரவாரியாக வேண்டுவோருக்கு ஜெரமி சில்மன் எழுதிய எண்ட்கேம் புத்தகம் பொருந்தும்.

கணினியை ஆட்டம் முடிந்தபின் பிழை பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். குகேஷையே பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க ஆண்டுகளில் கணினியை அண்டவிடாமல்தான் வளர்த்தார்.

எந்தப் புத்தகமானாலும் ஒன்றை முடித்துவிட்டே அடுத்ததைத் தொடவேண்டும். அதற்கு ஆறு மாதம் ஆனாலும் நஷ்டமில்லை. காந்தப் பலகை ஒன்று பையில் இருந்தால் ரயிலிலும் படிக்கலாம். தோற்ற ஆட்டத்தை யாரும் சொல்லாமலே மறுபடி அடுக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு நாட்டம் இருக்கிறது. அதற்கு நேரம் கொடுத்தால் போதும். பரிசுக் கோப்பையை மட்டும் கேட்கும் பிள்ளையை வேறு ஆட்டத்துக்கு விட்டுவிடுவதில் குறையொன்றும் இல்லை.