எஞ்சின் மூடியில் வாயில் அமைத்தல்

பின்புறத்தில் எஞ்சின் வைத்த வண்டிகளைப் பழுதுபார்ப்பதிலுள்ள கஷ்டத்தை, ஜெர்மனி தேசத்து வோல்க்ஸ்வாகன் வான் வண்டியைக் கொண்டு நன்கு அறியலாம். 1950-ம் வருஷத்தில் உற்பத்தி தொடங்கிய அவ்வண்டியில் எஞ்சினானது சரக்குத் தளத்தின் பின்பகுதிக்குக் கீழே அமைந்திருந்தது. கை நுழைக்க வழி பின்கதவு ஒன்றே. நான்கு சிலிண்டர்களும் இரு பக்கங்களிலும் படுத்த நிலையில் இருந்தமையால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவோர் பெரும்பாலும் விரலால் தடவியே வேலை செய்ய வேண்டியதாயிற்று. 1972-ம் வருஷத்து மாதிரியில், இரண்டு கார்புரேட்டர்கள் கொண்ட 1,679 கன சென்டிமீட்டர் எஞ்சினைப் பொருத்தியபோது, உற்பத்தியாளரே தளத்தில் கழற்றத்தக்க மூடியொன்றை வைத்து மேலிருந்து வழி செய்தனர். பழைய வண்டி வைத்திருந்தோருள் சிலரும் தளத்தை வெட்டி அவ்வாறே வாயில் அமைத்துக்கொண்டனர்.

வேலை சுலபமாகத் தோன்றினும், அத்தகடு செய்யும் காரியம் இன்னதென்று அறியாமல் அதில் கைவைக்கலாகாது. எஞ்சினுக்கும் வண்டியில் அமர்ந்திருப்போருக்கும் இடையேயுள்ள சுவர் அதுவே. புகைக்குழாயில் கசிவு நேரிடின், வெளிவரும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு சரியாக அடைபடாத வாயில் வழியே உள்ளே புகும். அது நிறமும் வாசனையும் அற்றது. இரத்தத்தைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்வது. தலைவலியும் மயக்கமும் உண்டாவதை வெயிலின் களைப்பென்று எண்ணி வண்டியை மேலும் செலுத்துவோர் உயிரிழக்கவுங்கூடும்.

வெட்டுமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இவ்வண்டியில் பெட்ரோல் டாங்கி எஞ்சின் அறைக்கு அடுத்தே இருப்பதால், அதனை எடுத்து அப்புறப்படுத்தாமல் வெட்டத் தொடங்குவது பேதைமை. எடுத்த பின்னும் காஸ் ஜுவாலையால் வெட்டுவதை நாம் சிபார்சு செய்யோம், கைவாளே போதும். தளத்திலுள்ள மடிப்புகள் பாரத்தைத் தாங்குவதற்காக இடப்பட்டவையாகையால், அவற்றை வெட்ட நேர்ந்தால் வாயிலைச் சுற்றிக் கோண இரும்புச் சட்டம் பொருத்துவது அவசியம். மூடி எல்லாப் பக்கங்களிலும் சுமார் 1 அங்குலம் தளத்தின்மேல் படிந்திருக்கட்டும்.

இடையில் வைக்கும் ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைப்பது பட்டறைகளில் சகஜம். இயற்கை ரப்பரோ பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் உப்பிக் கெட்டுவிடும். எண்ணெய்க்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பரையே கேட்டு வாங்குக. முடிந்தபின், இரவில் எஞ்சின் அறைக்குள் டார்ச் விளக்கை ஏற்றி வைத்து உள்ளிருந்து பார்த்தால், ஒளி கசியுமிடம் காற்றும் கசியுமிடமாகும்.

எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் சிலர் இதே நோக்கத்துடன் வெட்டுவதுண்டு. இது தண்ணீரால் குளிரும் எஞ்சின் அன்று. விசிறியின் காற்றைச் சிலிண்டர்களின்மேல் செலுத்துவன அத்தகடுகளே. அவற்றில் துளையிட்டால் காற்று வேறு வழியே போய்விட, சிலிண்டர்கள் அளவுக்கு மீறிக் காய்ந்து எஞ்சின் பாழாகும். வாயில் வேண்டின் தளத்தில் மட்டுமே வெட்டுக.