துணியில இருக்கிற தண்ணி எங்கே போகுது?



ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நமக்கு ஒரே கவலைதான். துவைச்ச துணி காயாது. மூணு நாள் கொடியில் கிடந்தாலும் முடை வாடை போகாது. பிள்ளைகளை அரை ஈர யூனிபார்மோடு பள்ளிக்கூடம் அனுப்புகிறோம். அதனால் இந்த மாதம் துணி ஈரம், சுவர் ஓதம், ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் மெஷின் ஆகியவற்றைப் பாடமாகப் பார்ப்போம்.

சைதாப்பேட்டையில் வந்த கேள்வி

சென்னை சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தபோது ஆறு பெருகி வீடுகளுக்குள் வந்தது. வெள்ளம் வடிந்தது. வீட்டையும் கழுவி விட்டார்கள். ஆனால் சுவர் குடித்த தண்ணீர் லேசில் போகவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சென்னையில் பல இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது.

அங்கே எங்கள் குழு ஒன்றில் இரண்டு பேர் இந்த மெஷின் வாங்க உள்கடன் கேட்டார்கள். ஒருவர் வீட்டில் பையனுக்கு மழைக்காலம் வந்தால் வீசிங். ஒற்றை அறை, ஒரே ஜன்னல், சுவரில் கறுப்பாய்ப் பூஞ்சை. இன்னொருவர் துணி வாங்கித் துவைத்து அயர்ன் செய்து கொடுப்பவர். மழை பெய்தால் துணி தேங்கும், வருமானம் நிற்கும். "ரெண்டு பேருக்கும் கொடுக்கலாமா?" என்று ஊக்குநர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தோம்.

"இது டவுன் சமாச்சாரம்" என்று கிராமத்துச் சகோதரிகள் நினைக்க வேண்டாம். தொகுப்பு வீடானாலும் ஓட்டு வீடானாலும் மழைநாளில் துணி வீட்டுக்குள்தானே காய்கிறது!

எடை போட்டுப் பாருங்கள்

பிழிந்த துணியை எடை போடுங்கள். காய்ந்த பிறகு மறுபடி போடுங்கள். ஈரத்தில் 5 கிலோ, காய்ந்த பின் 3 கிலோ என்றால், 2 கிலோ குறைந்திருக்கிறது. அதாவது 2 லிட்டர் தண்ணீர். அது மாயமாய் மறையவில்லை. ஆவியாகி அறைக் காற்றில் கலந்தது. கதவு, ஜன்னல் மூடியிருந்தால் வெளியே போக வழியில்லை. சுவரிலும் மெத்தையிலும் அரிசி மூட்டையிலும் போய் உட்காரும். ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும். வீசிங் உள்ளவர்களுக்கு அதுவே எமன்.

ஆகவே வழி இரண்டுதான். ஈரத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்பணும். இல்லையென்றால் ஒரு வாளியில் பிடிக்கணும். மெஷின் செய்வது இரண்டாவது வேலை.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதே கதைதான். மெஷினுக்குள் ஃபிரிட்ஜில் இருப்பது போலக் குளிர்ந்த குழாய்கள் இருக்கும். ஃபேன் அறைக்காற்றை அதன்மேல் இழுக்கும். காற்றில் உள்ள ஈரம் வேர்த்துச் சொட்டு சொட்டாய்த் தொட்டியில் விழும். ஈரம் குறைந்த காற்று கொஞ்சம் சூடாகி வெளியே வரும். துணியிலிருந்து மறுபடி ஈரத்தை வாங்கும்.

• மெஷின் ஓடும்போது கதவு, ஜன்னலை மூடி வையுங்கள். திறந்து வைத்தால் ஊர் ஈரத்தையெல்லாம் நம் கரண்டில் பிடிக்கிற மாதிரி ஆகிவிடும்.
• துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி வேண்டும். சுவரில் படக்கூடாது.
• மூன்று பின் பிளக், எர்த் அவசியம். ஈரக் கையால் தொடாதீர்கள். வெள்ளம் புகுந்த வீட்டில் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே சுவிட்ச் போடணும்.
• தொட்டித் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. தரை துடைக்கலாம், கக்கூசுக்கு ஊற்றலாம்.

செலவுக் கணக்கு

250 வாட் மெஷின் 4 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். தினம் 8 மணி நேரம் என்றால் 2 யூனிட், மாதம் 60 யூனிட், இரண்டு மாதத்தில் 120 யூனிட். ஸ்லாப் ஏறினால் பில்லும் ஏறும். மெஷின் விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

குறைந்த விலையில் சின்ன டப்பா மாதிரியும் விற்கிறார்கள். அது ஒரு நாளில் பிடிப்பது ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் தண்ணீர்தான். அலமாரிக்குச் சரி. துணி காயவைக்க உதவாது. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

மெஷின் இல்லாமலே செய்யக்கூடியது

நன்றாகப் பிழிந்து, காய்ந்த துண்டில் சுருட்டி இன்னொரு முறை முறுக்குங்கள். ஒரே நாளில் மூட்டையாய்த் துவைக்காமல் தினமும் கொஞ்சம் துவையுங்கள். மழை விட்ட நேரத்தில் எதிரெதிர் கதவு, ஜன்னலைத் திறங்கள். ஃபேன் காற்று துணியில் படட்டும். படுக்கும் அறையில் கொடி கட்டாதீர்கள். அடுப்புக்கு மேலே துணி போடாதீர்கள், தீப்பிடிக்கும். பூஞ்சையைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், தூள் பறக்கும். மூக்கு வாயை மூடிக்கொண்டு சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

வெட்கப்படாமல் பேச வேண்டியது

மாதவிலக்குத் துணியை மற்ற துணிக்கு அடியில் ஒளித்துக் காய வைக்கிறோம். மழையில் அது காய்வதே இல்லை. ஈரத்துணியை மறுபடி வைத்தால் அரிப்பு, புண், தொற்று வரும். காற்றுப்படத் தனியே விரியுங்கள், கடைசியில் சூடாக அயர்ன் போடுங்கள். முழுசாகக் காயாததைப் பயன்படுத்த வேண்டாம். வயசுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

குழு எடுத்த முடிவு

பையனுக்கு வீசிங் உள்ள சகோதரி வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மேல்தளம் விரிசல் விட்டு மழைத்தண்ணீர் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற வீட்டில் மெஷின் வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. அவருக்குத் தளம் பூசக் கடன் கொடுத்தோம். கொடியை அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னோம், பையனை டாக்டரிடம் காட்டவும் சொன்னோம். துணி துவைத்துக் கொடுக்கும் சகோதரிக்கு மெஷின் கடன் தீர்மானமானது. அவருக்கு அது தொழில் கருவி, தவணையைத் தொழிலே கட்டும்.

கேட்ட பொருள் ஒன்றுதான். ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிறகு முடிவு இரண்டாகிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேசுங்கள்:
1. நம் வீட்டு ஓதம் துணியால் வருகிறதா, ஒழுகலால் வருகிறதா?
2. மழைநாளில் மாதவிலக்குத் துணியை எங்கே காய வைக்கிறோம்?
3. ஒரு பொருளுக்குக் கடன் கேட்டால் தீர்மானம் போடுமுன் என்னென்ன கணக்குப் பார்க்க வேண்டும்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.