மூடியின் மேல் 13 சிப்பம்

மயிலாப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

"டெசிக்கேட்டர்ல வேக்குவம் போட்டு மேஜை மேலேயே வெச்சுட்டு ஹாஸ்டலுக்கு வந்துட்டேன் பெரியப்பா" என்று போனில் சாதாரணமாகச் சொன்னாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷம் லேப்களுக்குக் கண்ணாடி ஊதிக் கொடுத்தவன், சும்மா இருப்பேனா?

அந்த உலர்த்தும் ஜாடியின் மூடி 20 செ.மீ. குறுக்களவு என்றாய். பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் காற்று ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக அமுக்குகிறது. உள்ளேயும் காற்று இருக்கும்வரை அது தெரியாது. உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டால் மூடியின் மேல் 325 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் 13 அடுக்கிய பாரம். பம்பை நிறுத்தினாலும் சிப்பம் இறங்காது. நீ அடையாறு ஹாஸ்டலில் தூங்கினாலும் அது அங்கேதான்.

மறுநாள் காலையில் மேஜை துடைக்க வருகிற அம்மாவுக்கு இது தெரியுமா? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) அப்படித்தான் ஆயிற்று. துடைக்க வந்த ஓர் அம்மா டெசிக்கேட்டரை ஓரமாக நகர்த்தியபோது விளிம்பு கல்மேடையில் இடித்தது. கண்ணாடி முதலில் உள்நோக்கி நொறுங்கி, அந்த வேகத்திலேயே எதிர்ப்பக்கமாகச் சிதறியது. அந்த அம்மாவின் முன்கையில் ஏழு தையல். வேக்குவம் போட்டவர் அப்போது கேன்டீனில் இருந்தார்.

புதுக் கண்ணாடி இந்தப் பாரத்தைத் தாங்கும். கீறல் விழுந்ததை நம்ப முடியாது. கீறலின் நுனியில்தான் விரிசல் தொடங்கும். வேக்குவம் போடுமுன் ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பார். நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி தெரிந்தால் போரோசிலே ஆனாலும் ஒதுக்கிவிடு. தட்டையடி கோனிகல் ஃபிளாஸ்க்கில் வேக்குவம் போடவே கூடாது. அதற்கென்று தடித்த சுவரோடு புக்னர் ஃபிளாஸ்க் இருக்கிறது.

உன் பாட்டிக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோன ஃபிளாஸ்க் நினைவிருக்கிறதா? 1892இல் ஜேம்ஸ் டூவர் செய்த குடுவையின் வாரிசு அது. ரீஃபிலின் அடியில் ஒரு சின்ன முளை இருக்கும். இரண்டு சுவருக்கும் நடுவே இருந்த காற்றை அதன் வழியாக உறிஞ்சி, உருக்கி மூடியிருப்பார்கள். டூவரின் ஆய்வுக்கூட வெடிப்புகளில் உதவியாளர்கள் இருவர் ஆளுக்கொரு கண்ணை இழந்தார்கள். அதைப் படித்த பிறகு ஃபிளாஸ்க்கைச் சுற்றியிருக்கும் தகரக்கூட்டை வெறும் அலங்காரமாக நான் பார்த்ததில்லை. பழைய டிவி பிக்சர் டியூபைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை இறுக்கியிருப்பார்களே, அதுவும் இதற்குத்தான்.

உன் டெசிக்கேட்டருக்கும் ஒரு கூடு கேள். கம்பிவலைக் கூண்டோ பிளாஸ்டிக் கவசமோ கிடைக்கும். அதுவரை டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டு. உடைவதைத் தடுக்காது, சில்லு பறப்பதைக் குறைக்கும். நீ போடுகிற பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டையும் மூடுவதைப் போடு. "வேக்குவத்தில் உள்ளது, தொடாதீர்கள்" என்று தமிழில் எழுதி வை. துடைக்க வருகிறவர் உன் இங்கிலீஷ் லேபிளைப் படிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

நாளைக்கு லேபுக்குப் போனதும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் காற்றை விடு. டெசிக்கேட்டர் குழாயின் வாயில் ஒரு துண்டு ஃபில்டர் பேப்பரை வைத்துத் திருகு. காற்று அதை வாயோடு அமுக்கிப் பிடித்து, அதன் வழியே மெதுவாக உள்ளே போகும், உன் பவுடரும் பறக்காது. சத்தம் நின்ற பிறகு மூடியைத் தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்து. நகரவில்லையென்றால் நெம்பாதே, எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியப்பா