ஆறிப்போன ஃபைலை எப்படித் திறக்கிறார்கள்?

சீரிஸ்ல நீங்க பார்த்திருப்பீங்க. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டிடெக்டிவ் பழைய போட்டோவை வெறிச்சுப் பார்ப்பார், திடீர்னு ஏதோ பொறி தட்டும், கோட்டை மாட்டிக்கிட்டு ஓடுவார். நிஜத்தில் 'கோல்ட் கேஸ்' வேலை அப்படி இல்லை. துப்பு துலங்காத கொலை வழக்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், அதைப் பார்க்க விரல்விட்டு எண்ணக்கூடிய டிடெக்டிவ்கள்தான் இருப்பாங்க. அதனால் முதல் கேள்வி "கொலையாளி யார்?" இல்லை, "எந்த ஃபைலை முதலில் திறப்பது?" என்பதுதான். சிஎஸ்இ பசங்களுக்குச் சட்டுனு புரியும்: இது ஒரு பிரயாரிட்டி க்யூ.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீசை, அதாவது எல்.ஏ.பி.டி.-யை எடுத்துக்குவோம். 2001-ல் அங்கே பழைய கொலை வழக்குகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு ஆரம்பிச்சாங்க. கலிஃபோர்னியா சட்டப்படி கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது. அது முன்பிருந்தே அப்படித்தான். புதுசா வந்தது தொழில்நுட்பம். அமெரிக்கா முழுவதற்குமான டிஎன்ஏ டேட்டாபேஸ் 'கோடிஸ்' 1998-ல் தேசிய அளவில் இயங்க ஆரம்பிச்சது. பழைய கைரேகை, பழைய தோட்டா, பழைய பஞ்சுக் குச்சி எல்லாத்துக்கும் திடீர்னு ஒரு புது மதிப்பு வந்துடுச்சு.

ஒரு ஃபைலைக் கையில் எடுத்ததும் கேட்கும் கேள்விகள் ரொம்ப வறட்டுத்தனமானவை. தடயப் பொருள் இன்னும் இருக்கா? இருந்தா எந்த அலமாரியில்? அதிலிருந்து டிஎன்ஏவோ ரேகையோ கிடைக்குமா? சாட்சிகள் உயிரோட இருக்காங்களா? சந்தேகப்பட்ட ஆள்? ஒரு குடும்பம் எத்தனை வருஷமா அழுதுட்டு இருக்கு என்பதற்கு இந்தப் பட்டியலில் மார்க் கிடையாது. கேட்கக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஆள் பற்றாக்குறையில் வேற எப்படி வரிசைப்படுத்துவது என்று என்னால் சொல்ல முடியலை.

இதற்கெல்லாம் அடிப்படை, அவங்க 'மர்டர் புக்' என்று சொல்லும் ஒரு நீல பைண்டர். சம்பவ இடத்துப் படங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாக்குமூலங்கள் எல்லாம் அதில் இருக்கும். எனக்கு முக்கியமா படுறது அதிலுள்ள நாள்வாரிக் குறிப்பு. யார் எப்போ போன் பண்ணாங்க, டிடெக்டிவ் யாரைப் பார்த்தார் என்று தேதி போட்டு எழுதிக்கிட்டே போவாங்க. கிட் லாக் மாதிரி. எழுதினவர் ரிட்டயர் ஆகி இருபது வருஷம் கழிச்சு வர்றவருக்கு அதுதான் ஒரே வழித்துணை.

இப்போ ஒரு வழக்கு. 1986 பிப்ரவரி 24. லாஸ் ஏஞ்சல்ஸின் வான் நைஸ் பகுதியில், ஷெர்ரி ராஸ்முசன் என்ற 29 வயதுப் பெண் தன் வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தார். மருத்துவமனையில் நர்சிங் பிரிவின் பொறுப்பாளர். கல்யாணம் ஆகி சில மாதம்தான். உடம்பில் மூன்று குண்டுகள். வீட்டிலிருந்த எலக்ட்ரானிக் சாமான்கள் தூக்கிட்டுப் போகத் தயாரா அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, காரைக் காணோம். திருட வந்தவன் மாட்டிக்கிட்டதும் சுட்டுட்டான் என்று டிடெக்டிவ்கள் முடிவுக்கு வந்தாங்க. கொஞ்ச நாளில் அதே ஏரியாவில் இரண்டு ஆண்கள் இன்னொரு வீட்டில் திருட நுழைஞ்சதும் அந்த முடிவு கான்கிரீட் ஆகிடுச்சு.

அப்பா மட்டும் ஒத்துக்கலை. மருமகனின் முன்னாள் தோழி ஒரு போலீஸ், அவரைப் பாருங்க என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கிட்டு இருந்தார். அந்தத் தோழியின் பெயர் ஸ்டெபனி லசாரஸ், எல்.ஏ.பி.டி. அதிகாரி. அவர் முன்னாள் தோழி என்று 1987-ல் மர்டர் புக்கில் ஒரே ஒரு வரி ஏறியது. அதோட சரி.

ஷெர்ரியின் கையில் ஒரு கடித்த தழும்பு இருந்தது. 1986-ல் அதைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, குழாயில் போட்டு, பிரேதப் பரிசோதனை அலுவலகத்தின் ஃப்ரீஸரில் வைத்தாங்க. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ ரேகையைக் கண்டுபிடிச்சது 1984-ல், அதுவும் இங்கிலாந்தில். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசுக்கு அப்போ அது எட்டவே இல்லை. பிற்காலத்தில் எதுக்கு உதவும்னு தெரியாமலேயே ஒருத்தர் தன் வேலையை ஒழுங்கா செஞ்சு, லேபிள் ஒட்டி வச்சார்.

2004-ல் அந்த வழக்கு லேபுக்கு வந்தப்போ குச்சியைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. கிடைச்சது, கவரின் ஓரம் கிழிஞ்சிருந்தது. சோதனை எப்படி நடக்குது? நம்ம டிஎன்ஏவில் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரே சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும், எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அப்போ கோடிஸ் 13 இடங்களைப் பார்த்தது, 2017-லிருந்து 20. கூடவே அமெலோஜெனின் என்ற ஜீனையும் பார்ப்பாங்க. எக்ஸ் குரோமோசோமில் உள்ளது ஒய்-யில் உள்ளதை விட 6 எழுத்து குறைவு. இரண்டு நீளமும் வந்தா ஆண், ஒன்று மட்டும்னா பெண். ரிசல்ட் 2005-ல் வந்தது: கடித்தது ஒரு பெண்.

இரண்டு ஆண் திருடர்கள் தியரி அங்கேயே உடைஞ்சிருக்கணும். உடையலை. டேட்டாபேஸில் ஒத்துப்போற ஆள் யாரும் இல்லை. குற்றவாளிகளுக்கான டேட்டாபேஸில் ஒரு போலீஸ் அதிகாரியின் டிஎன்ஏ எப்படி இருக்கும்? ஃபைல் மறுபடியும் தூங்கியது, இன்னும் நான்கு வருஷம். புரோகிராம் தப்பான அவுட்புட் தருது, நாம லாஜிக்கைச் சந்தேகப்படாம இன்புட்டையே திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அதே கதை. என்ன, இங்கே நடுவில் ஒரு அப்பா காத்துக்கிட்டு இருந்தார்.

2009-ல் வான் நைஸ் ஸ்டேஷனில் கொலைகள் குறைஞ்சிருந்ததால் டிடெக்டிவ்களுக்குப் பழைய ஃபைல் பார்க்க நேரம் கிடைச்சது. அவங்க செஞ்சது சிம்பிள்: திருட்டு என்ற முடிவைத் தூக்கி ஓரமா வச்சிட்டு, ஃபைலில் வரும் பெண்களை மட்டும் பட்டியல் போட்டாங்க. ஐந்து பேர். ஐந்தாவது லசாரஸ். அதற்குள் அவரும் டிடெக்டிவ், கலைப்பொருள் திருட்டுப் பிரிவில், போலீஸ் தலைமையகத்தில் வேலை. அவர் கணவரும் அதே துறை. விஷயம் கசிஞ்சா அவ்வளவுதான். அதனால் ஸ்டேஷனுக்குள்ளேயே பெயரைச் சொல்லாம 'நம்பர் 5' என்றுதான் பேசிக்கிட்டாங்க. கொலை நடந்து இரண்டு வாரத்துக்குள் தன் .38 ரிவால்வர் திருடுபோனதாக லசாரஸ் புகார் கொடுத்திருந்தார் என்பதையும் தோண்டி எடுத்தாங்க. ஷெர்ரி உடம்பில் இருந்ததும் .38 குண்டுதான்.

பிறகு ஒருநாள் ரகசியமாகப் பின்தொடர்ந்து, காஸ்ட்கோ கடையில் அவர் குடித்துவிட்டுத் தூக்கிப்போட்ட கப்பையும் ஸ்ட்ராவையும் எடுத்தாங்க. பொது இடத்தில் வீசிய குப்பைக்கு அங்கே வாரண்ட் தேவையில்லை. டிஎன்ஏ பொருந்தியது.

கைது பண்றதிலும் ஒரு சிக்கல்: இடுப்பில் துப்பாக்கி இருக்கும். 2009 ஜூன் 5 அன்று, கலைப்பொருள் திருட்டு பற்றிப் பேச ஒரு கைதி இருக்கான் என்று சொல்லி, கட்டடத்திலேயே இருந்த லாக்கப்புக்குக் கூப்பிட்டாங்க. லாக்கப்புக்குள் போகணும்னா யாராயிருந்தாலும் துப்பாக்கியை வெளியே ஒப்படைக்கணும். ஒப்படைச்சிட்டு உள்ளே போனார். விசாரணை அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு, எழுந்து வெளியே வந்ததும் விலங்கு.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு அந்தக் கிழிஞ்ச கவரைத்தான் பிடிச்சுக்கிட்டது. குழாய் பத்திரமா இருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. 2012 மார்ச்சில் முதல்நிலைக் கொலைக்குக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பிறகு தண்டனை: குறைந்தது 27 வருஷம், அதிகபட்சம் ஆயுள். கொலை நடந்து 26 வருஷம் ஆகியிருந்தது. அப்பா ஆரம்பத்திலேயே கைகாட்டின ஆள்தான் தீர்ப்பிலும் இருந்தார்.