விமானத்துக்குத் தட்டு செய்ய நினைக்கும் தம்பிக்கு



நீ அனுப்பிய பாக்கு மட்டைத் தட்டுகளும் கிண்ணங்களும் உடையாமல் வந்து சேர்ந்தன. வேலை நன்றாக இருக்கிறது. ஓரத்தைப் பிசிறில்லாமல் வெட்டியிருக்கிறாய். அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது. டையில் சூடு அதிகமாகிக் கருகிய தடம் எதிலும் இல்லை. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத் தோப்புகளில் உதிர்ந்து கிடக்கும் மட்டையில் இவ்வளவு நேர்த்தி கொண்டுவந்ததற்கு முதலில் உனக்கு என் வாழ்த்து. விமான நிறுவனங்கள் பிளாஸ்டிக்கைக் குறைக்கிறார்களாமே, இதை அவர்களுக்கு விற்க என்ன வழி என்று கேட்டிருந்தாய். ஃப்ளைட் கிச்சனில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உன்னைப் போல இந்தத் தொழிலில் இறங்கியிருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ பிடித்திருக்கும் நூல் சரியானதுதான். 2018 டிசம்பர் 26 அன்று ஹை ஃப்ளை என்ற போர்ச்சுகல் நிறுவனம் லிஸ்பனிலிருந்து பிரேசிலின் நட்டாலுக்கு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல் ஒரு விமானத்தை ஓட்டிக் காட்டியது. அந்த வரிசையில் நான்கு பயணங்கள், ஏறத்தாழ 700 பயணிகள். அதில் தவிர்த்த பிளாஸ்டிக் 350 கிலோ என்று கணக்குச் சொன்னார்கள். தலைக்கு அரைக் கிலோ. அடுத்த ஆண்டு மே 8 அன்று குவாண்டாஸ் சிட்னியிலிருந்து அடிலெய்டுக்கு, குப்பைமேட்டுக்கு எதுவுமே போகாத விமானம் ஒன்றை இயக்கியது. நம் ஏர் இந்தியாவும் 2019 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி முதல் இந்தப் பிளாஸ்டிக்கை நிறுத்துவதாக அறிவித்தது. முதல் கட்டம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் அலையன்ஸ் ஏரும். சிப்ஸ், சாண்ட்விச் உறைகள் பட்டர் பேப்பருக்கும், கரண்டிகள் பிர்ச் மரத்துக்கும், டம்ளர்கள் காகிதத்துக்கும் மாறும் என்றார்கள். ஊழியர்கள் சாப்பிடும் கரண்டி மட்டும் எடை குறைந்த ஸ்டீல். அதே அலையன்ஸ் ஏர்தான் 2023 அக்டோபரில் பெங்களூரு, கொச்சி மார்க்கத்தில் நம் சேலம் விமான நிலையமான கமலாபுரத்தில் வந்து இறங்கியது. உன் பட்டறைக்கும் விமானத்துக்கும் இடையே உள்ள தூரம் நீ நினைப்பதைவிடக் குறைவு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள். ஒரு பொருளில் பிளாஸ்டிக் இல்லை என்பது அதன் தகுதியில் கால்வாசிதான். சமையலறையில் அது எப்படி நடந்துகொள்கிறது, சாப்பிடுகிறவர் கையில் எப்படி இருக்கிறது, கடைசியில் எந்தக் குப்பையில் போய்ச் சேருகிறது என்பதெல்லாம் மீதி முக்கால்வாசி. உன் தட்டோடு நீயும் அந்த வழி முழுக்கப் போய்ப் பார்க்காமல் ஆர்டருக்குப் போகாதே.

ஃப்ளைட் கிச்சனில் சமைத்தவுடன் யாருக்கும் பரிமாறுவதில்லை. சாம்பாரோ குருமாவோ, கொதிக்கக் கொதிக்க எடுத்துச் சில மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழே குளிர வைத்துவிடுவார்கள். பிறகு அலுமினிய ஃபாயில் கேசரோலிலோ பீங்கானிலோ போட்டு மூடி, ட்ரேயில் அடுக்கி, ட்ராலியில் ஏற்றிக் குளிர் அறையில் நிறுத்துவார்கள். விமானத்தில் ஏறிய பிறகுதான் ஓவனில் சூடு. இந்த வழியில் உன் கிண்ணம் எங்கே சிக்கும் என்று பார். குளிர் அறையின் ஈரத்தை மட்டை இழுத்துக்கொள்ளும். குழம்பின் எண்ணெய் இரவெல்லாம் அதில் ஊறும். காற்றுப் புகாமல் மூட உன் கிண்ணத்துக்கு மூடியும் இல்லை. ஆகவே சூடாக்கிப் பரிமாறும் முக்கிய உணவுக்கு உன் பாத்திரம் ஒத்துவராது. இதை இப்போதே ஏற்றுக்கொண்டால் உனக்கு இரண்டு வருட அலைச்சல் மிச்சம்.

அடுத்தது கனம். ஒரே தோப்பில் பொறுக்கினாலும் மட்டைக்கு மட்டை தடிமன் மாறும் என்பது உனக்குத் தெரியாததில்லை. நீ அனுப்பிய ஆறு அங்குலத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போனதும் அடுக்கு ஒரு பக்கம் சாய்கிறது. கல்யாணப் பந்தியில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். விமான ட்ராலியில் ட்ரேக்கும் ட்ரேக்கும் இடையே சில அங்குலம்தான் இடைவெளி. ட்ராலியின் அளவும் அட்லஸ், கே.எஸ்.எஸ்.யு. என்று உலகம் முழுக்க வரையறுத்து வைத்தது. அதில் தட்டு ஒரு நூல் தூக்கினாலும் ட்ரே உள்ளே போகாது. மட்டையை ஊற வைத்துக் கழுவியதும் தடிமனை அளந்து தரம் பிரி. மெல்லியதையும் தடித்ததையும் ஒரே கட்டில் போடாதே. இதற்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம், ஒரு வெர்னியரும் பொறுமையும் போதும். காய வைப்பதில் அவசரப்படாதே. ஐப்பசி அடைமழையில் காய்ந்தும் காயாமலும் கட்டிய பெட்டியைப் பிரித்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஒரு பெட்டி அப்படிப் போனால் அந்தக் கிச்சனில் உன் பெயர் அன்றோடு முடிந்தது.

இனி குப்பை. இந்தப் பகுதியைத்தான் இளைஞர்கள் யாரும் என்னிடம் கேட்பதில்லை. மட்கும் என்று அட்டையில் பச்சை எழுத்தில் போடுகிறோம். எங்கே மட்கும்? வெளிநாட்டிலிருந்து வரும் விமானத்தின் உணவுக் கழிவை ஐரோப்பா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா எதிலும் சாதாரணக் குப்பையோடு சேர்ப்பதில்லை. கோமாரி, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போன்ற நோய்கள் மிச்ச உணவோடு நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதால் எரிக்கிறார்கள், ஆழப் புதைக்கிறார்கள், அல்லது கிருமி நீக்குகிறார்கள். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வாசலில் உள்ளே வரும் லாரியின் சக்கரத்துக்கு மருந்து தெளிக்கிறார்களே, அதே காரணம்தான். அப்படி எரியும் உலைக்குள் பாக்கு மட்டை போனாலும் ஒன்றுதான், பிளாஸ்டிக் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மட்கும் குணத்துக்கு அங்கே மதிப்பே கிடையாது. குவாண்டாஸ் தன் சோதனையை உள்நாட்டுப் பயணத்தில் நடத்தியதை இதோடு சேர்த்துப் பார். உன் பொருளுக்கும் உள்நாட்டு விமானம்தான் இடம். இறங்கும் ஊரில் ஈரக் குப்பையைத் தனியே பிரித்து எருவாக்கும் ஏற்பாடு உண்டா என்று முதலில் விசாரி. அது இல்லாத ஊருக்கு ‘மட்கும் தட்டு’ என்று சொல்லி விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது.

பெயரளவுக்கு மாற்றுவதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். காகித டம்ளரையே எடுத்துக்கொள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் டீ ஊற்றிய சிறிது நேரத்தில் அது தொய்ந்துவிடும். அந்தப் பூச்சு இருப்பதால்தான் தமிழ்நாடு அதையும் தடைப் பட்டியலில் வைத்தது. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் தடையில் 14 வகைப் பொருள்கள்.  காகிதக் கப் உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் நீதிமன்றம் கப் மீதான தடை செல்லும் என்றது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு ஒன்று, 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் காகிதக் கப்பில் இருந்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் அதில் கலக்கின்றன என்று 2020-இல் சொல்லியிருந்தது. குழம்பு கசியாமல் இருக்க உன் கிண்ணத்துக்கும் ஏதாவது பூச்சுக் கொடுக்கலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். கேட்காதே. கரும்புச் சக்கைப் பாத்திரங்களில் எண்ணெய் ஊறாமல் இருக்கச் சேர்த்த பி.எஃப்.ஏ.எஸ். என்ற ரசாயனங்களின் கதி என்னவாயிற்று? உணவு உறைகளில் அவற்றின் விற்பனை தங்கள் நாட்டில் நின்றுவிட்டதாக 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. பூச்சு இல்லாமல் உன் பொருளால் எது முடியுமோ அந்த வேலைக்கு மட்டும் அதைக் கொடு.

இப்போது சொல்லப்போவது உனக்குக் கசக்கும். 2025 மே மாதம் அதே எஃப்.டி.ஏ., பாக்கு மட்டையில் செய்த தட்டு, கிண்ணங்களில் உணவு பரிமாறக் கூடாது என்று அறிவித்தது. பாக்கு மரத்தில் இயல்பாக உள்ள அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். பாக்குக் கொட்டை புற்றுநோய் உண்டாக்கும் என்பது பல ஆண்டுகளாக முடிவாகிவிட்ட விஷயம். அரிகோலினையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்திருக்கிறது. மட்டை வேறு, கொட்டை வேறு என்று நம் ஆட்கள் சொல்கிறார்கள். காலங்காலமாக மட்டையில் சாப்பிடவில்லையா என்றும் கேட்கிறார்கள். அந்தப் பதில் ஒரு விமான நிறுவனத்தின் வாங்கும் பிரிவில் எடுபடாது. எடுபடவும் கூடாது. அவர்கள் தட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடுகிறார்கள். சூடான, புளிப்பான, எண்ணெய் உள்ள உணவை வைத்தால் உன் தட்டிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்துத் தெரிந்துகொள். தெரியும்வரை யாருக்கும் மாதிரி அனுப்பாதே. எனக்கு அனுப்பியது வேறு.

சோதனை பாதகமாக வந்தால்? அப்போதும் உன் கைத்திறன் எங்கேயும் போகவில்லை. சூட்டையும் அழுத்தத்தையும் புரிந்துகொண்டவனுக்கு நம் சமவெளியில் மூலப்பொருளுக்குப் பஞ்சமா? காவிரிக் கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலையும், அக்கரையில் புகளூர் டி.என்.பி.எல். ஆலையும் கரும்புச் சக்கையில் காகிதம் செய்கின்றன. பரமத்தி வேலூரில் வாழை. முட்டை அடுக்கும் காகிதக்கூழ் அட்டை நாமக்கல்காரருக்குப் புதிதில்லை. மரவள்ளி மாவில் பை செய்கிறேன் என்று கிளம்பினால் மட்டும் நின்று யோசி. மட்கும் பிளாஸ்டிக் என்ற பெயரில் எதை விற்றாலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எறிவதற்கென்றே ஒரு பொருளைச் செய்கிற நாம், எறியாமலே முடியுமா என்று கேட்கிறவர்களை எதிரியாக நினைக்கக் கூடாது. போய்விட்டு அதே கிச்சனுக்குத் திரும்பி வரும் ட்ரேயில் ஸ்டீல் கரண்டிதான் சரி. கழுவினால் நூற்றுக்கணக்கான முறை வரும். எடை கூடினால் எரிபொருள் கூடும் என்பது உண்மை, அதனால்தான் எடை குறைந்த ஸ்டீலைத் தேடுகிறார்கள். உருக்காலை வைத்திருக்கும் சேலத்துக்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உன்னிடம் ஒரு நிறுவனம் வந்து கேட்டால், இந்த இடத்துக்கு ஸ்டீல் போடுங்கள், இந்த இடத்துக்கு என் பொருள் போதும் என்று நீயே பிரித்துச் சொல். எதுவுமே வேண்டாம் என்ற இடத்தையும் சொல். ஒரு மணி நேரப் பயணத்தில் பஃப்ஸ் சாப்பிடுகிறவருக்குக் கத்தி, முள்கரண்டி, உப்பு, மிளகு, பல்குச்சி எல்லாம் சேர்த்துச் சுருட்டிய பொட்டலம் எதற்கு? உப்புமாவுக்கு ஒரு கரண்டி போதும். அந்த ஒரு கரண்டியை வாயில் உறுத்தாமல், நுனி பிளக்காமல் செய்து கொடு. உனக்கு விமானத்தில் இடம் உண்டென்றால் அது அங்கேதான்.

ஒரே வாடிக்கையாளரை நம்பி மட்டும் இறங்காதே. 2019-இல் எடுத்த முடிவுகள் கொரோனாவில் என்ன ஆயின என்று பார்த்தோமே. 2020 ஆகஸ்ட் இறுதியில் விமானத்தில் உணவு தர மறுபடி அனுமதித்தபோது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டும் கரண்டியும் அரசின் விதியிலேயே இடம்பெற்றன.  சேலத்தில் விமானமும் நிலையாக இருந்ததில்லை. 2018 மார்ச்சில் சென்னைக்குத் தொடங்கிய ட்ரூஜெட் சேவை சில ஆண்டுகளில் நின்றது. ஆகவே உன் முதல் வருமானம் உள்ளூரிலிருந்து வரட்டும். மண்டபம், கோயில் அன்னதானம், கேட்டரிங்காரர்கள் என்று எங்கே குப்பை உன் கண்ணெதிரே எருவாகிறதோ அங்கே. அங்கேயும் சோதனை அறிக்கை கையில் வந்த பிறகே விற்பனை. நம் ஊர்க்காரர் வயிறு மட்டும் என்ன மலிவா?

அந்தச் சோதனைக்குச் செலவு ஆகும், தனியாளாக உனக்கு அது பாரம். வாழப்பாடியிலிருந்து ஆத்தூர் வரை இதே பிரஸ்ஸை வைத்துப் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் நாலு பேரையாவது சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவர் தட்டிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு எப்படி வந்தாலும் மறைக்காமல் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் காட்டுங்கள். மாதிரிகளை இந்தத் தை மாதத்துக்குள் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடு, கண்ணு. தள்ளிப்போடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்