மூன்று வண்டிகளும் ஒரு மனுவும்

சுரங்கத்தில் பாறை வெடித்து மாண்டவர்களின் குடும்பத்தாரும், கல்தூசி நுரையீரலில் படிந்து நடைப்பிணமாய்ப் போனவர்களும் நஷ்டஈட்டுக்காகக் கம்பெனி ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்த கதைகளைக் கேட்டே தங்கவயலின் சாம்பியன் ரீப் லைன் வீடுகளில் நாங்கள் வளர்ந்தோம். அக்கதைகளில் எதிர்த்தரப்பு எப்போதும் ஒன்றே; அது யாரென்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டு, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போவது ஆயிரக்கணக்கானோருக்கு நித்திய கடமையான பிறகு, எங்கள் ஜனங்களின் விபத்துகள் பூமிக்கடியிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறி வந்துவிட்டன. அங்கே எதிர்த்தரப்பு மூன்றாகவும் நான்காகவும் பிரிந்து, ஒன்றை ஒன்று சுட்டிக்காட்டி நிற்கிறது.

என் மனைவியின் தம்பி பெங்களூரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரர். ரயில் கிடைக்காத ஓர் இரவில், நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு அமர்த்திய காரில் அவர் ஊர் திரும்புகையில், நரசாபுரத்துக்கு அருகே விளக்கின்றிச் சாலையில் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் கார் மோதியது; பின்னால் வந்த தனியார் பஸ் காரை மோதியது. அவருடைய வலது கை விரல்கள் நசுங்கின. வழக்கு நடத்த அவருக்குத் துணை போனவன் என்ற முறையில், நான் கண்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சங்கடத்தை முதலில் சொல்லவேண்டும். கன்னடம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள் எங்களில் அநேகர். முதல் தகவல் அறிக்கை, மகஜர், காயம்பட்டவரின் வாக்குமூலம் யாவும் கன்னடத்தில் எழுதப்படுகின்றன. வலியிலும் மருந்து மயக்கத்திலும் படுத்திருப்பவரிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். போலீஸ்காரரைக் குறை கூற இதில் ஒன்றுமில்லை. “சார், ஒருமுறை படித்துச் சொல்லிவிடுங்கள்” என்று நான் கேட்டபோது அவர் பொறுமையாகவே படித்துக் காட்டினார். அதில் லாரியைப் பற்றிய பேச்சே இல்லாமல், கார் வேகமாக வந்தது என்பது மாத்திரம் இருந்தது. லாரிக்கு விளக்கில்லை என்பதையும், பஸ் பின்னால் மோதியதையும் அங்கேயே சேர்க்கச் செய்தோம். அந்த இரண்டு வரிகளைப் பற்றிப் பிற்பாடு வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடினார்கள்.

பல வண்டிகள் மோதிய விபத்தில், குற்றம் யாருடையது என்று தீர்ந்த பிறகே நஷ்டஈடு கேட்கமுடியும் என்றொரு தவறான எண்ணம் ஜனங்களிடையே ஊன்றியிருக்கிறது. போலீசார் கார் டிரைவர் ஒருவர்மீது மட்டும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது எங்கள் உறவினர்களும் அவ்வாறே கலங்கினார்கள். ஆனால் வண்டிக்குள் வெறுமனே உட்கார்ந்திருந்த பிரயாணிக்கு விபத்தில் யாதொரு பங்கும் இல்லை. பல டிரைவர்களின் அஜாக்கிரதை ஒன்றுகூடி அவருக்குத் தீங்கு விளைவித்திருந்தால், அவர்களில் எவரிடமும், அல்லது எல்லோரிடமும், முழு நஷ்டஈட்டையும் கேட்கலாம் என்று 2015இல் கெனேயி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் தலைவலி. டிரைவரே மனுதாரரானால் நிலைமை வேறு. அவருடைய தவறின் விகிதம் அவர் தொகையில் கழிக்கப்படும். குற்றப்பத்திரிகை ஒரு சாட்சியமே ஒழிய, நஷ்டஈட்டைத் தீர்மானிக்கும் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தும் முடிவன்று. ஆகவே மூன்று வண்டிகளின் உரிமையாளர்களையும் இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் பிரதிவாதிகளாகச் சேர்த்தே மனுப்போட வேண்டும். ஒரு கம்பெனியை விட்டுவிட்டால், மற்றவை அந்த வெற்றிடத்தையே சுட்டிக்காட்டும்.

இடையில் ஒரு வார்த்தை. எங்களூரில் வாடகைக்கு ஓடும் கார்களில் கணிசமானவை வெள்ளை போர்டு வண்டிகள். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான காரில் கூலி கொடுத்துச் சென்றவருக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது இன்சூரன்ஸ் கம்பெனியின் முதல் வாதமாக வரும். மூன்றாம் நபருக்கான பாலிசி மட்டுமே உள்ள சொந்தக் காரின் உள்ளே இருந்தவருக்கு அந்தப் பாலிசி உதவுவதே துர்லபம். லாரியும் பஸ்ஸும் வழக்கில் இருந்தது எங்களுக்கு எத்தகைய பாதுகாப்பு என்பது அப்போதுதான் விளங்கிற்று. நூறு ரூபாய் மிச்சப்படுத்த வெள்ளை போர்டில் ஏறுவோர் இதைச் சற்று யோசிப்பது நலம்.

எங்கே மனுச் செய்வது? விபத்து நடந்த இடத்தில்தான் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே செய்யலாம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தமிழ்நாட்டில் அடிபட்டவரும் தங்கவயலிலேயே வழக்கு நடத்தலாம். 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலான திருத்தம் ஆறு மாத கெடு விதித்திருப்பதால், காயம் ஆறட்டும் என்று காத்திருத்தல் தகாது.

தொகை எவ்வாறு நிர்ணயமாகிறது என்பதில்தான் எனக்கு மிகுந்த வியப்பு. டாக்டர், கைக்கு நாற்பது சதவிகித ஊனம் என்று சான்று தந்தார். உடனே எதிர் வக்கீல், முழு உடலுக்கு அதில் மூன்றிலொரு பங்குதான் என்றார். ஆனால் ராஜ்குமார், அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரே ஊனம் ஒரு குமாஸ்தாவையும் ஒரு தச்சரையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை என்றும், சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்பதே கேள்வி என்றும் விளக்கியிருக்கிறது. தையல்காரருக்கு வலது கை விரல்கள் போனால் என்ன மிஞ்சும்? சான்றளித்த டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, ஊசியில் நூல் கோக்க இந்தக் கையால் இயலுமா என்று எங்கள் வக்கீல் கேட்டார். இயலாது என்ற ஒற்றைப் பதில், சதவிகிதக் கணக்கைவிட அதிகம் உதவிற்று. மாதம் பதினையாயிரம் சம்பாதித்த நாற்பத்து நான்கு வயதினருக்குச் சம்பாதிக்கும் சக்தியில் 20 சதவிகிதம் குறைந்ததென்றால், அவ்வயதுக்குரிய 14 என்ற பெருக்கெண்ணின்படி வருமான இழப்பு 5,04,000 ரூபாய். அதுவே 40 சதவிகிதமென்றால் இருமடங்கு. வைத்தியச் செலவும் வலிக்குரிய தொகையும் இதற்குப் புறம்பு.

வருமானத்தை நிரூபிப்பது எங்களவர்க்குக் கடினமான காரியம். சம்பளச் சீட்டு இல்லாதவரே அதிகம். பாங்க் பாஸ்புக், பி.எஃப். கணக்கு, தொழிற்சாலை அடையாள அட்டை, மாதாந்தர ரயில் சீசன் டிக்கெட் ஆகியவற்றைக்கூட நாங்கள் சமர்ப்பித்தோம். ஒன்றும் இல்லாவிடில், மாநிலச் சட்டச் சேவைகள் ஆணையம் ஆண்டுவாரியாக வகுத்திருக்கும் உத்தேச வருமானப் பட்டியலைத் தீர்ப்பாயங்கள் கையாளுகின்றன. மெய்யான வருமானம் அதைவிட அதிகமாயின், ஆதாரம் காட்டாதவருக்கு அந்த வித்தியாசம் நஷ்டமே.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வந்து, செலவெல்லாம் தாம் பார்த்துக்கொள்வதாகவும் கிடைப்பதில் பாகம் தந்தால் போதுமென்றும் பேசுகிற தரகர்களை அண்டவிடலாகாது. வழக்கின் பலனில் வக்கீல் பங்கு கேட்பதையே பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. லோக் அதாலத்தில் சமரசம் செய்துகொள்வது தவறன்று. ஆனால் அங்கே முடிந்ததற்கு அப்பீல் இல்லையாதலால், மேற்சொன்ன கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்த்து, கடைசி ஆபரேஷனும் முடிந்த பிறகே தலையசைக்கவேண்டும்.