குதிகால் வலியும் சிப்ரோஃப்ளாக்சாசினும்

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 68 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். இனிப்பு நீருக்கு கிளிக்லசைட் சாப்பிடுகிறார். மூட்டு வலிக்கு இரவுச் சந்தையில் வாங்கிய ஜாமு மூலிகை மாத்திரையும் உண்டு. சிறுநீர் எரிச்சலுக்குக் கிளினிக்கில் சிப்ரோஃப்ளாக்சாசின் கொடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து குதிகாலுக்கு மேலே வலி. விடியற்காலையில் வியர்த்து நடுங்குகிறார். மருந்தை முடிக்கத்தான் வேண்டுமா?
- வாசகி, சிலிம் ரிவர்

பதில்: முடிக்க வேண்டாம் அம்மா. நிறுத்திவிட்டு இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் விடாதீர்கள் என்று நாங்களே சொல்லிப் பழக்கியிருக்கிறோம். ஆனால் சிப்ரோஃப்ளாக்சாசின் குடும்பத்து மருந்தில் தசைநாண் வலித்தால் அந்தப் பேச்சு செல்லாது. வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

முதலில் அந்த வியர்வையைக் கவனியுங்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. கிளிக்லசைட் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிறது. சிப்ரோஃப்ளாக்சாசினும் அதே பக்கம் தள்ளக்கூடியது. இரண்டும் சேரும்போது வயதானவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மயக்கம்வரை போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த கேட்டிஃப்ளாக்சாசின் மாத்திரையையும் ஊசியையும் இந்தியா 2011-இல் தடையே செய்தது. மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்ததாக 2019 தேசியச் சுகாதார ஆய்வு கண்டது. இந்த நாட்டில் சிப்ரோஃப்ளாக்சாசினை எழுதும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, சர்க்கரைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். நடுக்கம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

குதிகால் வலிக்கு அந்த ஜாமு மாத்திரையையும் சந்தேகிக்கிறேன். மூட்டு வலிக்கென்று விற்கும் பதிவில்லாத மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர் ஸ்டீராய்டோடு சிப்ரோஃப்ளாக்சாசினும் சாப்பிட்டால், குதிகால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து கூடுகிறது. சிப்ரோஃப்ளாக்சாசினை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட அது நடக்கலாம். அதனால் அந்தக் காலை ஊன்றி வேலை செய்ய விடாதீர்கள். தேய்த்து உருவவும் வேண்டாம். ஜாமு பாக்கெட்டை ஒளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு போயிருந்தால் அதை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

சிப்ரோஃப்ளாக்சாசின் தேவைதானா என்ற கேள்வியும் இருக்கிறது. காய்ச்சல், விலா வலி இல்லாத வெறும் எரிச்சலென்றால், சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு நைட்ரோஃபுரன்டாயின் போன்ற வேறு வழி உண்டு. சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு, வேறு மருந்து இருக்கும்போது சிப்ரோஃப்ளாக்சாசின் குடும்பத்து மருந்துகளை எழுத வேண்டாம் என்று 2016-லேயே அமெரிக்க அமைப்பு அறிவுறுத்திவிட்டது. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தால் கதை வேறு. அங்கே சிப்ரோஃப்ளாக்சாசின் உயிர் காக்கும் மருந்து. அதனால்தான் கண்டதற்கெல்லாம் எழுதி வீணாக்குவது எனக்கு வலிக்கிறது. நாள்பட்ட இருமலுக்கு இந்தக் குடும்பத்து மருந்துகளைக் கொடுப்பதையும் எதிர்க்கிறேன். காசநோயை ஓரளவு அமுக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்திவிடும்.

மருந்து மாற்றுமுன் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். சிறுநீரக இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். இதயத்துடிப்புக் கோளாறு, பெருந்தமனி வீக்கம், வலிப்பு ஏதாவது இருந்தாலும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டாலும் மறக்காமல் சொல்லுங்கள். அம்மாவின் மருந்துப் புத்தகத்தில் "சிப்ரோஃப்ளாக்சாசின்: தசைநாண் வலி" என்று எழுதி வாங்குங்கள். மிச்ச மாத்திரைகளை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.